கல்லிடைக்குறிச்சி தெருவுக்குள் இட்டாச்சி போகுமா?

கேள்வி: பழைய மச்சு வீடு ஒன்றை இடிக்கணும். இட்டாச்சியை ஏற்றி வரும் லோபெட் லாரி மெயின் ரோட்டோடு நின்றுவிடும், தெரு பதினோரு அடிதான், இரண்டு பக்கமும் திண்ணை. 20 டன் இட்டாச்சியை, அதான் செயினில் ஓடுகிற தோண்டும் வண்டியை, இறக்கி ஓட்டிப் போகலாமா அண்ணாச்சி?

பதில் 1: வேண்டாம். செயினோடு அகலமே ஒன்பது அடிக்கு மேல், கொஞ்சம் சுழன்றாலும் பின்பக்க வெயிட் திண்ணைத் தூணைத் தட்டும், தார் ரோடும் பெயரும், ரோடு பெயராமல் இருக்க செயினுக்கு அடியில் பழைய டயர் போட்டுப் போட்டு நகர்த்தினால் அரை நாள் அதிலேயே போகும். 3 டன் மினி இட்டாச்சி எடுங்கள், ஐந்தடி அகலம்தான்.

பதில் 2: மினி சரி, ஆனால் மச்சுக்கு அதன் கை எட்டாது. மேலே ஆள் வைத்துக் கடப்பாரையால் இறக்குங்கள். தேக்கு உத்தரம் உடையாமல் வந்தால் நல்ல விலை. அப்புறம் வாறுகால் (தெருச் சாக்கடை) மூடியிருக்கிற கல்லையும், தாழத் தொங்கும் கரண்ட் வயரையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.