இரண்டாவது டிகே(): "ஒன்றும் ஆகாது" என்றவர் வந்து பதில் சொல்லட்டும்

பழைய கிராணி, இரவு 8.40

பைத்தானில் சாளரம் செய்யும் டிகேஇன்டர் தொகுதியைப் பற்றி நேற்று லயத்துப் பையன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "பைத்தானில் இரண்டாவது சாளரம் வேண்டுமென்றால் டாப்லெவல் எல்லாம் தேடி அலைய வேண்டாம். மறுபடியும் டிகே() என்று எழுதுங்கள். ஒன்றும் ஆகாது."

ஒன்றும் ஆகாதா? போன மாதம் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் திருவிழாவுக்கு ரசீது போடும் நிரலை ஒரு மேதாவி இந்த முறையில்தான் எழுதிக் கொடுத்தார். முதல் சாளரத்தில் நன்கொடைப் பட்டியல், இரண்டாவதில் பெயரும் தொகையும். கட்டத்தில் பெயரை அடித்தால் கண்ணுக்குத் தெரிகிறது. ரசீதில் இல்லை. 50 ரிங்கிட் கொடுத்த பாட்டி ஒருவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் ஐயா, என் பெயர் சாமிக்குத் தெரியக் கூடாதா?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

டிகே() என்பது வெறும் சாளரமல்ல. ஒவ்வொரு முறை எழுதும்போதும் பின்னால் சாளரங்களை ஓட்டும் டிக்கிள் மொழியின் இயக்கி ஒன்று தனியாகக் கிளம்புகிறது. எங்கே சேர வேண்டும் என்று சொல்லாமல் ஒரு ஸ்ட்ரிங்வார் (கட்டத்தில் அடித்ததை வைத்திருக்கும் மாறி) உருவாக்கினால் அது முதல் டிகேயிடம் போய் ஒட்டிக்கொள்ளும். எழுதும் கட்டமோ இரண்டாவதில் இருக்கிறது. ஒரே தோட்டத்தில் இரண்டு பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), இரண்டு பெயர்ப் பதிவேடு! இதில் எழுதிய பெயரை அதில் தேடினால் கிடைக்குமா?

லயத்துப் பையன், இரவு 8.52

அந்த மேதாவி நான்தான் என்று ஊருக்கே தெரியும், ஐயா. மூன்று இரவு கண் விழித்து, காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தேன். ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுக்க ஆளில்லை. பெயர் விழவில்லை என்று பொதுவில் எழுத மட்டும் ஆள் இருக்கிறது.

ஸ்ட்ரிங்வார் உருவாக்கும்போது மாஸ்டர் என்று இரண்டாவது சாளரத்தைக் குறிப்பிட்டால் பெயர் ஒழுங்காக வரும். ஒரு சொல்தான் விடுபட்டது. ஒன்றும் ஆகாது என்றால் ஒன்றும் ஆகாதுதான்.

பழைய கிராணி, இரவு 8.58

ஒரு சொல் விடுபட்டதால் ஆயிற்றே! ஆனபிறகும் ஒன்றும் ஆகாது என்றால் எப்படி?

கோயில் முத்திரையையும் மறந்துவிட்டாய். படத்தை முதல் டிகேயில் ஏற்றி, இரண்டாவதில் ஒட்டப் பார்த்தாய். "பைஇமேஜ்1 என்ற படம் இல்லை" என்று சிவப்பாக எழுதிவிட்டு நின்றது. முத்திரையில்லாத ரசீது, பெயரில்லாத ரசீது. வெற்றுத்தாளைக் கிழித்துக் கொடுத்திருக்கலாம்.

தவரணை, இரவு 9.05

இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். டாப்லெவல் என்றால் என்ன, டிகே என்றால் என்ன என்று முதலில் ஒருவர் தெளிவாக எழுதினால் என்னைப் போன்றவர்களுக்குப் புரியும். சாளரம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னல் என்றால் என்ன குறைந்துவிடும்?

பழைய கிராணி, இரவு 9.09

ஜன்னல் போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல், அம்மா. சாளரம் அதற்கு முன்பே நம்மிடம் இருந்தது. விளக்கம் பிறகு. இந்தப் பையன் முதலில் "ஒன்றும் ஆகாது" என்பதை நீக்கட்டும்.

தவரணை, இரவு 9.11

மேசை, சாவி, அலமாரி கூடப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தவைதான். நீங்கள் உட்கார்ந்திருந்த மேசைக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள், ஐயா?

லயத்துப் பையன், இரவு 9.15

அக்கா, அவரிடம் விளக்கம் வராது. நான் சொல்கிறேன். டாப்லெவல் முதல் சாளரத்தின் பிள்ளை. முதல் சாளரத்தை மூடினால் பிள்ளைகள் எல்லாமே சேர்ந்து மூடிக்கொள்ளும். பாதி ரசீது அடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது பட்டியலை மூடினால் ரசீதும் போய்விடும். இரண்டு டிகே என்றால் ஒன்றை மூடினாலும் மற்றது நிற்கும். சாளரங்களை ஓட வைக்கும் மெயின்லூப் ஒரு தடவை எழுதினால் இரண்டுக்கும் போதும். இதைச் சோதித்துப் பார்க்காமலா எழுதினேன்?

பழைய கிராணி, இரவு 9.26

நிற்கும், நிற்கும். முதல் சாளரம் மூடப்பட்டதற்கு இதுதான் மருந்தா? மூடும் பொத்தானை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று "டபிள்யூஎம் டெலீட் விண்டோ" என்ற நெறிமுறையில் நாமே சொல்லலாம். "ரசீது முடியவில்லை, மூடவா?" என்று கேட்க வைக்கலாம். அல்லது முதல் சாளரத்தை வித்ட்ரா செய்து மறைத்துவிட்டு, வேலையெல்லாம் டாப்லெவலில் நடத்தலாம். பட்டியலுக்கு மேலேயே ரசீது நிற்க வேண்டுமா? டிரான்சியன்ட். ரசீது முடியும்வரை பட்டியலைத் தொடக் கூடாதா? கிராப்_செட். முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? வெயிட்_விண்டோ. மூன்று வரி! இதற்கு ஒரு தோட்டத்தை இரண்டாக வெட்ட வேண்டுமா?

இந்த ஊர்க்காரனாக இருந்துகொண்டு துண்டாடலுக்கு ஆதரவு பேசுகிறாய். 1960இல் இதே ஊரில் பிறந்த தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே தோட்டங்கள் துண்டு துண்டாகப் போகாமல் காக்கத்தான்.

லயத்துப் பையன், இரவு 9.29

துன் சம்பந்தனை டிகேஇன்டருக்குள் இழுத்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஈப்போ ரோடு, இரவு 9.33

சண்டைக்கு நடுவே ஒன்று. ரசீதுச் சாளரத்தை வலது மேல் மூலையில் நிறுத்த "400x300-0+0" என்று, அளவும் இடமும் சொல்லும் ஜியாமெட்ரிக்குக் கொடுத்தால் போதும். முதலில் அகலம், பிறகு உயரம். கழித்தல் குறி என்றால் வலது ஓரத்திலிருந்து கணக்கு. நடுவில் இருப்பது ஆங்கில எழுத்து எக்ஸ். பெருக்கல் குறியோ நட்சத்திரமோ போட்டால் பிழை வரும். தலைப்புப் பட்டையின் உயரம் இந்த 300இல் சேராது.

ஆனால் இவையெல்லாம் திரையில் சாளரங்களை நிறுத்தும் சாளர மேலாளர் நிரலிடம் வைக்கும் வேண்டுகோள்கள்தான். கேட்டபடி நடக்கும் என்று உத்தரவாதம் இல்லை. லினக்ஸில் வேலேண்ட் என்ற புதிய திரை நெறிமுறை வந்தபிறகு, தன் சாளரம் திரையில் எங்கே நிற்க வேண்டும் என்று நிரலே முடிவு செய்வதற்கு வழியில்லை. டிகேஇன்டர் போன்ற இன்னொரு சாளரத் தொகுதியான ஜிடிகேயில், 2020இல் வந்த 4ஆம் பதிப்பில் சாளரத்தை நகர்த்தும் கட்டளையையே எடுத்துவிட்டார்கள்.

பழைய கிராணி, இரவு 9.37

தம்பி, கோயில் கணினியில் இருப்பது விண்டோஸ். ஜிடிகேயைப் பற்றி யார் கேட்டது?

ஈப்போ ரோடு, இரவு 9.38

போர்ச்சுகீசியரைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை.

பழைய கிராணி, இரவு 9.50

கேலி செய்யுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் செம்பனைக் குலை எடை போட இதே பையன் ஒரு நிரல் எழுதினான். "அழகாக இருக்கும்" என்று ஓவர்ரைடு_ரீடைரக்ட் போட்டு வைத்தான். தலைப்புப் பட்டை இல்லை, மூடும் பொத்தான் இல்லை, நகர்த்தப் பிடி இல்லை. திரை நடுவில் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. வெளியே லாரி வரிசை. கடைசியில் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினேன். அன்றைக்கும் என்ன சொன்னான் தெரியுமா? "ஒன்றும் ஆகாது, ஐயா."

லயத்துப் பையன், இரவு 9.54

ஆல்ட்டும் எஃப்4உம் சேர்த்து அழுத்துங்கள் என்று சொன்னேன். அதைக் கேட்காமல் கம்பியைப் பிடுங்கியது யார்?

பழைய கிராணி, இரவு 9.56

அழுத்தினேன். நான் எழுதிக்கொண்டிருந்த கணக்குத் தாள் மூடிக்கொண்டது! உன் சாளரம் நகரவில்லை.

தவரணை, இரவு 10.02

எனக்கு இன்னும் டாப்லெவல் புரியவில்லை.

பழைய கிராணி, இரவு 10.08

புரியாமல் என்ன, அம்மா? டிகே ஒன்று, ஒன்றே ஒன்று. மற்ற சாளரமெல்லாம் டாப்லெவல். தலைப்பு, அளவு, நீட்டக் கூடாது என்ற தடை எல்லாம் டாப்லெவலுக்கும் அதே மாதிரி கொடுக்கலாம். இரண்டாவது டிகே எழுதுகிறவன் இரண்டாவது பெரட்டு எடுக்கிறவன். நாற்பது வருடம் பெரட்டுப் புத்தகம் எழுதியவன் சொல்கிறேன்.

லயத்துப் பையன், இரவு 10.11

மாஸ்டரைக் குறிப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

பழைய கிராணி, இரவு 10.12

அப்படியானால் நேற்று எழுதியதில் "மாஸ்டரைக் குறிப்பிட்டால்" என்று சேர்.

லயத்துப் பையன், இரவு 10.13

சேர்க்க மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். கோயில் கணினியின் கடவுச்சொல்லைக் கொடுங்கள், ரசீதை இன்றிரவே சரி செய்கிறேன்.

பழைய கிராணி, இரவு 10.15

கொடுக்க முடியாது. நானே டாப்லெவலில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

லயத்துப் பையன், இரவு 10.16

எத்தனை நாளாக, ஐயா?

பழைய கிராணி, இரவு 10.31

அது உனக்குத் தேவையில்லாத விஷயம்.