ஆணுறுப்பு சிறுத்துப்போவது: உண்மையிலேயே சுருக்கமா, கொழுப்பு மறைக்கிறதா?

கேள்வி (உப்புவெளி):
54 வயது. சீனி வருத்தம் இருக்கிறது, தொப்பையும் வைத்துவிட்டது. உறுப்பு முன்பைவிடச் சிறுத்ததுபோலத் தெரிகிறது, எழுச்சியும் குறைவு. காரணம் வயதா, சீனியா? முகநூலில் விற்கிற எண்ணெய் பலன் தருமா? திருகோணமலையில் முதலில் எங்கே காட்டுவது?

மறுமொழி 1:
அண்ணை, முதலில் சரியாக அளந்து பாருங்கள். தளர்ந்த நிலையில் அளக்க வேண்டாம், குளிருக்கும் பதற்றத்துக்கும் அது சுருங்கும். நின்றபடி உறுப்பை நோகாமல் நேராக இழுத்துப் பிடியுங்கள். மேல்பக்கமாக அடிமட்டத்தை வைத்து, எலும்பு தட்டுப்படும்வரை கொழுப்பை அமத்துங்கள். அங்கிருந்து மொட்டின் நுனிவரை வருவதுதான் அளவு, முன்தோல் சேராது. அடிமட்டத்தில் பூச்சியத்துக்கு முன் வெற்றிடம் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். 2015 இல் 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்த ஆய்வில், இழுத்த நிலையின் சராசரி 13.24 செ.மீ.

பிறகு அமத்தாமல் தோலிலிருந்தும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 3, 4 செ.மீ. வித்தியாசம் வந்தால் அந்த நீளம் தொலையவில்லை, கொழுப்புக்குள் புதைந்திருக்கிறது. மாலையில் டச்சுபே பக்கம் 30 நிமிடம் மூச்சு வாங்கும் வேகத்தில், கிழமைக்கு ஐந்து நாள் நடங்கள். சோற்றையும் சீனி போட்ட தேநீரையும் குறையுங்கள். எண்ணெய் எதையும் நீட்டாது, தோல்தான் எரியும்.

மறுமொழி 2:
எழுச்சி குறைவதை அலட்சியம் செய்யாதீர்கள். தூக்கத்தில் வருகிற எழுச்சிதான் உள்ளே இருக்கும் தசைக்கு ஒட்சிசன் கொண்டுபோகிறது. சீனியும் சிகரெட்டும் நாளங்களைக் கெடுத்தால் அது நின்றுபோய், அந்தத் தசையின் இடத்தில் நார் படியும், விரிவு குறையும். இது மெய்யான சுருக்கம். உறுப்பின் நாடிகள் இதயத்தின் நாடிகளைவிட ஒடுக்கம், அதனால் அடைப்பு முதலில் இங்கேதான் தெரியவரும்.

சீனிக்குப் போகிற கிளினிக்கிலேயே வெட்கப்படாமல் சொல்லுங்கள். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரி), கொலஸ்ட்ரோல், பிரஷர், காலை 10 மணிக்கு முன் எடுத்த டெஸ்டோஸ்டெரோன் அளவு வேண்டும். டெஸ்டோஸ்டெரோன் குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுப்பார்கள். அங்கிருந்து பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

மறுமொழி 3:
எழுச்சியின்போது வளைவு, நோ, விரலுக்குத் தட்டுப்படும் கட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது பெய்ரோனி நோயாக இருக்கலாம். உறுப்புக்குள் எழுச்சித் தசையைச் சுற்றியிருக்கும் உறையில் தழும்பு விழுந்து நீளம் குறையும், நீரிழிவுக்காரருக்குக் கூடுதலாக வரும். நோ இருக்கும்போதே காட்டுங்கள். சத்திரசிகிச்சை வேண்டுமானால் வளைவு சில மாதம் மாறாமல் நின்ற பிறகுதான் செய்வார்கள்.

எழுச்சி வர உறுப்புக்குள் இரத்தத்தை இழுக்கிற வெற்றிடப் பம்பு வாங்கினால் அழுத்தம் கட்டுப்படுத்தும் வால்வு உள்ளதாக எடுங்கள். எழுச்சி நிற்க உறுப்பின் அடியில் போடுகிற வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சீனியால் உணர்வு மழுங்கியவருக்குக் காயம் பட்டாலும் தெரியாது. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மறுமொழி 2, மீண்டும்:
ஒன்று விட்டுப்போச்சு. நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழ் வைக்கிற நைத்திரேற்றுக் குளிசை பாவிப்பவர் எழுச்சிக்குக் கொடுக்கிற சில்டெனபில் (வயாகரா) குளிசை எடுக்கவே கூடாது, பிரஷர் சடாரென விழுந்து உயிரே போகலாம். பாமசியில் சும்மா கேட்டு வாங்காதீர்கள். எழுச்சி 4 மணித்தியாலம் தாண்டியும் இறங்காவிட்டால் இரவென்றாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.