தண்டையார்பேட்ட வீடு (குழு)

மணி: பாபுண்ணா இருக்கியா, நாளைக்கு அக்கா வளைகாப்புக்கு மொட்டமாடில டெஸ்ட் எடுத்துனு இருக்கேன், ஃபிளாஷ தனியா ஸ்டாண்டுல வெச்சு ட்ரிக்கர்ல (ஒயர் இல்லாம ஃபிளாஷ அடிக்க வைக்கற ரிமோட்டு) அடிச்சா போட்டோல கீழ்ப்பாதி கறுப்பா வருது

சித்தி: இன்னாடா இது, எனக்கு கழுத்துக்கு கீழ ஒண்ணுமே காணோம் 😂

பாபு: ஷட்டர் எவ்ளோ

மணி: 1/500 செகண்டு

பாபு: அதான். ஷட்டர்ல ரெண்டு திரை கீது, அவ்ளோ ஸ்பீடுல முதல் திரை முழுசா தொறக்கறதுக்குள்ள ரெண்டாவது மூட ஆரம்பிச்சிடும், ஃபிளாஷ் அடிக்கறப்போ மறைஞ்ச இடம் கறுப்பு. 1/200க்கு எறக்கு. கேமராலயே இருக்குற ஃபிளாஷ்னா கேமராவே ஸ்பீட அங்க நிறுத்திடும், உன்னுது அடின்னு சிக்னல் மட்டும் குடுக்குற ஒத்த பின் ட்ரிக்கர், ஃபிளாஷ் இருக்குறதே கேமராக்கு தெரியாது

மணி: சூப்பர்ணா சித்தி முழுசா வந்துட்டாங்க

சித்தி: பாதியே போதும்னு நெனச்சியா

மணி: ஆனா இப்ப பின்னாடி வானம் வெள்ளையா அடிச்சிடுச்சு

பாபு: ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் 11 போடு, உள்ள வர்ற வெளிச்சம் கொறஞ்சு வானம் அடங்கும், ஆளு இருட்டாவாம இருக்க ஃபிளாஷ் பவர ஏத்து. ஃபுல் பவர்ல அடிச்சா அடுத்ததுக்கு ரெடியாவ டைம் எடுக்கும், வளையல் அடுக்கறப்ப சும்மா அமுக்கினே இருக்காத. ஸ்டாண்ட கிட்ட கொண்டாந்தாலே பாதி வேலை முடிஞ்சிது, தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசிதான் வரும்

பாபு: வீடியோக்காரர் ட்ரிக்கர் உன்னுதோட ஒரே சேனல்ல இருந்தா அவர் அமுக்கும்போதெல்லாம் உன் ஃபிளாஷ் அடிக்கும், போய் கேட்டு மாத்திக்கோ

சித்தப்பா: சாமியானா செவப்பு மஞ்சளு, அதுல அடிச்சா புள்ளத்தாச்சி மொகம் தக்காளி மாதிரி வருமேடா

பாபு: கரெக்ட் சித்தப்பா, ஃபிளாஷ மேல சாமியானாவ பாத்து அடிக்கக் கூடாது. வெள்ள வேட்டிய விரிச்சு கட்டி அதுல அடிக்கட்டும், சோக்கா வரும்

மணி: ஃபிளாஷுக்கு மாட்ற கொட வாங்கி வெச்சிருக்கேனே

பாபு: காசிமேட்டு காத்துல கொட ஸ்டாண்டோட பறந்துடும், வெயிட்டுக்கு கால்ல செங்கல் கட்டு

அத்த: பழைய வேட்டி பீரோ கீழ்த்தட்டுல கீது. மேல இருக்குற ஜரிக வேட்டிய எவனாச்சும் தொட்டீங்க, தொலைச்சிடுவேன்