சுமத்ரா காற்றும் தாழ்வாரத்துக் கூடும்

சிங்கப்பூர், தெம்பனிஸிலிருந்து:

எங்கள் தாழ்வாரத்துக் காகிதப்பூச் செடியில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. கட்டுவதெல்லாம் பெண் சிட்டுதான். ஆண் தொண்டையை மினுக்கிக்கொண்டு பக்கத்தில் பாடும். ஒரு நார்கூடத் தூக்கி வராது. (இதையொட்டி எங்கள் வீட்டில் எழுந்த வாக்குவாதத்தை விட்டுவிடுகிறேன்.) புல்லும் சிலந்தி நூலும் சேர்ந்த தொங்குபை, வாசலுக்கு மேல் சிறு கூரை. மழை உள்ளே இறங்காது. ஆனால் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து இடிமழையோடு திடீரென வீசும் சுமத்ரா காற்று விடியுமுன் வந்து கொம்பையே முறித்துவிட்டது.

கூடு தரையில் கிடந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள். முதுகில் சிறகு முளைக்கும் கறுப்புக் குருத்துகள். கொம்போடு தூக்கி, பழைய உயரத்திலேயே ராஃபியா கயிற்றால் கம்பிக் கதவில் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டோம். தாய் வாயில் பூச்சியோடு வந்து, கூடு முன்பு தொங்கிய வெற்றிடத்திலேயே சிறகடித்து நின்றது. குஞ்சுகள் கீச்சிட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தது. அப்புறம் நாள் முழுவதும் ஊட்டல்தான்.

பிடோக்கிலிருந்து:

கொடுத்துவைத்தவர் தம்பி நீங்கள். எங்கள் கீழ்மாடிச் செடியில் இருந்த கொண்டைக்குருவிக் கூடு திறந்த கிண்ணம்போல இருக்கும். கொட்டும் மழையில் தாய் இறக்கையை விரித்து அசையாமல் அமர்ந்திருந்தது. காற்றில் கூடு கவிழ்ந்தது. நான் படியிறங்குவதற்குள் மைனாக்கள் முந்திக்கொண்டன.

சுவா சூ காங்கிலிருந்து:

அக்கா சொன்னது தாழ்ந்த செடியின் கதை. உயரத்திலும் நிம்மதி இல்லை. சாம்பல்தலை மீன்கழுகு விரும்பிக் கூடு கட்டுவது அல்பிசியா மரத்தில். விறுவிறுவென வளரும், மரக்கட்டையோ மென்மையானது. பலத்த காற்றுக்கு முதலில் முறிவதும் அதுதான். 2024 செப்டம்பர் 17 மாலை வீசிய காற்று மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியது. முறிந்த கிளைகளும் சாய்ந்த மரங்களுமாக 300-க்கு மேல். மறுநாள் செய்தியில் நசுங்கிய கார்களைப் பார்த்தோம். கூடுகளை யார் எண்ணினார்கள்?

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. சிறகு முளைத்துத் தத்தித் தாவும் குஞ்சு அனாதையும் அல்ல; பெற்றோர் அருகில்தான் இருக்கும். பூனைக்கு எட்டாத புதரில் வைத்துவிட்டு விலகுங்கள். பாலும் சோறும் ஊட்டாதீர்கள். காயம்பட்டிருந்தால் மட்டும் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, வனவிலங்கு மீட்பாளர்களை அழையுங்கள்.