ஓநாய் மனிதன் படம் பார்த்துப் பயந்த கதை இருந்தா சொல்லுங்க

பேய்ப் படம்னா ஆளாளுக்கு ஒரு கதை வச்சிருப்பீங்க. ஓநாய் மனிதன் படம் பார்த்து நிஜமாவே தூக்கம் போனவங்க இருக்கீங்களா? நானே ஆரம்பிக்கிறேன்.

காலேஜ் ஹாஸ்டல். ஒரு கட்டில்ல ஆறு பேர், ஒரு ஓட்டை கம்ப்யூட்டர். படம் 'ஆன் அமெரிக்கன் வேர்வூல்ஃப் இன் லண்டன்', 1981-ல ஜான் லேண்டிஸ் எடுத்தது. முதல் அரை மணி நேரம் கிண்டலடிச்சுக்கிட்டேதான் பார்த்தோம், படமும் அதுக்கு இடம் கொடுக்கும். செத்துப்போன நண்பன் கிழிஞ்ச கழுத்தோட வந்து ஜோக் அடிப்பான். ஓநாய் மனிதன் சாக வெள்ளிக் குண்டு வேணுமான்னு ஹீரோ கேட்டா, "சீரியஸா பேசு"ன்னு அலுத்துக்குவான்.

அப்புறம் அந்த சீன். நாங்க லைட்டைப் போட்டா பேய் போயிடும்னு நம்புற கூட்டம். ஆனா அங்க எல்லா லைட்டும் எரியுது. சாதாரண வீட்டு ஹால். பின்னணியில தாலாட்டு மாதிரி சாம் குக் பாட்டு. ஹீரோ எரியுது எரியுதுன்னு துணியைக் கிழிச்சுப் போட்டுட்டு தன் கையைப் பார்க்கிறான், உள்ளங்கை நீளுது. கேமரா வேற பக்கம் திரும்பவே இல்லை. எலும்பு ஒவ்வொண்ணா முறியற சத்தம். எங்க அறையில ஒருத்தன்கூட வாயைத் திறக்கலை.

பின்னாடிதான் தேடிப் படிச்சேன். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஒரு துளி கிடையாது. ரிக் பேக்கர் ரப்பர்ல கையும் தலையும் செஞ்சு, உள்ளே இருந்து நீட்டியிருக்கார். முடி முளைக்கிறது இன்னும் அழகு. போலித் தோல்ல முடியை நட்டு, உள்பக்கமா இழுத்துப் படம் பிடிச்சு, அதைத் தலைகீழா ஓட்டியிருக்காங்க. ஒப்பனைக்குன்னு ஆஸ்கர்ல தனிப் பிரிவு தொடங்கினதும் முதல் விருது இவருக்குத்தான்.

அன்னிக்கு ராத்திரி ஒரு மணி இருக்கும். பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் படுத்துக்கிட்டே சொடக்கு எடுத்தான். நாலு பேர் எழுந்து உட்கார்ந்துட்டோம்.

* * *

நான் இஞ்ச லண்டனிலதான் இருக்கிறன். ரெஸ்ரோரன்ற் வேலை முடிய பதினொண்டரை தாண்டிடும். ரெயின் எடுக்கிறது டொட்டன்ஹம் கோர்ட் ரோட் ஸ்ரேசனில. நீங்கள் சொன்ன படத்தில ஒரு மனுசன் ஆளில்லாத பாதையில ஓநாயிட்ட மாட்டுப்படுறது அங்கதான். அவர் எஸ்கலேற்றரில விழுந்து கிடக்கேக்க கமரா மேலயிருந்து பாக்கும். கீழ, தூரத்தில, ஓநாய் மெதுவா நடந்து வரும். ஓடாது. அதுதான் கூடப் பயம்.

இப்ப அந்த ஸ்ரேசனை அடையாளம் தெரியாமல் மாத்திப்போட்டினம். மாறாதது ஒண்டு. ரெயின் வாறதுக்கு முதல் சுரங்கத்துக்குள்ள இருந்து ஒரு வெக்கைக் காத்து வரும். படம் பாத்த கிழமை முழுக்க, அது பிடரியில படேக்க நான் சுவரோட முதுகை ஒட்டிக்கொண்டு நிண்டன். சனம் ஒரு மாதிரிப் பாத்தது.

* * *

எல்லாரும் பௌர்ணமி பௌர்ணமின்னு சொல்றாங்க. 1941-ல வந்த 'தி வூல்ஃப் மேன்' படத்துல ஓநாய் மனிதனைப் பத்தி ஊர்க்காரங்க சொல்ற பாட்டுல இலையுதிர்கால நிலாதான் வரும். முழு நிலாவை அந்தப் பாட்டுல சேர்த்தது 1943-ல, அடுத்த படத்துக்காக. பாட்டும் பழங்காலத்து நாட்டுப்பாடல் கிடையாது, திரைக்கதை எழுதின கர்ட் சியோட்மாக்கே இட்டுக்கட்டினது. அவர் ஹிட்லர் காலத்துல ஜெர்மனியை விட்டு வந்த யூதர். அடுத்து சாகப்போறவங்க உள்ளங்கையில ஓநாய் மனிதன் கண்ணுக்கு நட்சத்திரம் தெரியும்னு அவர் எழுதினதைப் படிக்கும்போது எனக்கு வேற ஒரு நட்சத்திரம், நாஜிகள் யூதர்களைச் சட்டையில குத்திக்க வச்ச நட்சத்திரம், ஞாபகம் வரும்.

நான் பார்த்தது அப்பாவோட. கருப்பு வெள்ளை, லான் சேனி ஜூனியர் முகம் முழுக்க முடி, எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. கடைசியில அந்த ஓநாயை அடிச்சுக் கொல்றது அவனோட சொந்த அப்பா. மகன் கடையில வாங்கிட்டு வந்த அதே வெள்ளிப்பிடிக் கைத்தடியால. அடிச்சு முடிச்ச பிறகுதான் முகம் மகனா மாறும். எங்கப்பா ரிமோட்டை எடுத்து அணைச்சுட்டு எழுந்து போயிட்டார். அப்போ நாங்க ரெண்டு பேரும் சரியாப் பேசிக்காத நேரம். மறுநாள் காலையில, "டீ குடிக்கிறியாடா"ன்னு கேட்டார்.

* * *

'ஜுனூன்' யாரும் பார்க்கலையா பாஸ்? 1992, இந்தி, மகேஷ் பட் படம். பௌர்ணமி ஆனா ராகுல் ராய் புலி ஆயிடுவார். பயமெல்லாம் கிடையாது, ஆனா இந்தியாவுக்குப் புலிதானே சரி.

* * *

எனக்கு 'ஜிஞ்சர் ஸ்னாப்ஸ்'. 2000-ல வந்த கனடா படம், அக்கா தங்கச்சி கதை. அக்காவுக்கு முதல் முறை மாதவிடாய் வர்ற அதே ராத்திரி ஓநாய் கடிச்சுடும். ரத்தம், வலி, கண்ட இடத்துல முடி. ஸ்கூல் நர்ஸ்கிட்ட போனா, "இதெல்லாம் சகஜம்மா"ன்னு சிரிச்ச முகமா அனுப்பி வச்சுடுவாங்க. தியேட்டர்ல ஆம்பளைங்க சிரிச்சிருப்பாங்களோ என்னவோ, நானும் எங்க அக்காவும் லேப்டாப்ல பார்த்தப்போ சிரிக்கலை. வயசுக்கு வந்த புதுசுல அவளைக் கொல்லைப்பக்க அறையில தனித்தட்டு வச்சு உட்கார வச்சிருந்தாங்க. நான் கதவிடுக்கு வழியா எட்டிப் பார்ப்பேன். அக்கா வேற எதுவாவோ மாறிக்கிட்டு இருக்கான்னு அப்போ நிஜமாவே நம்பினேன், எனக்கு எட்டு வயசு. படம் முடிஞ்சதும் அதை அவகிட்ட சொன்னேன். "அப்ப நீ ஏன்டி ஓடலை?"ன்னு கேட்டா.

* * *

முதல்ல எழுதினவன்தான் வர்றேன். லண்டன் அண்ணே, அந்த வெக்கைக் காத்தை மறக்க முடியாது போங்க. மேல கருப்பு வெள்ளை படம் சொன்னவருக்கு ஒரு தகவல். அதையே 2010-ல மறுபடி எடுத்தாங்க, ஒப்பனை அதே ரிக் பேக்கர், அதுக்கும் ஆஸ்கர். ஆனா மனுஷன் ஓநாயா மாறுற காட்சியை மட்டும் கம்ப்யூட்டர்கிட்ட கொடுத்துட்டாங்க. பார்த்தேன், கொட்டாவிதான் வந்துச்சு. வழவழன்னு மாறுறான், வலியே தெரியலை.

நீங்க எழுதினதையெல்லாம் நேத்து அந்த சொடக்குக்காரனுக்கு அனுப்பினேன். இப்போ அவனுக்கு ரெண்டு பிள்ளைங்க, வழுக்கை வேற. பதிலுக்கு நடுராத்திரியில ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. பேச்சே இல்லை. பத்து விரலும், ஒவ்வொண்ணா.