புதுப்பிப்பு: யாஷிகா-டி ஷட்டர் சரியாகிவிட்டது

மலிவான இரட்டை லென்ஸ் (பார்க்க ஒன்று, படமெடுக்க ஒன்று) ஃபிலிம் கேமராவாகத் தேடி ஒரு பழைய யாஷிகா-டி வாங்கியதையும், மெதுவான வேகங்களில் அதன் ஷட்டர் (ஒளியை உள்ளே விட்டு மூடும் இதழ்கள்) மூடாமல் நிற்பதையும் முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

உள்ளே எண்ணெய் காய்ந்து பிசுக்காகியிருந்தது, அவ்வளவுதான். மெக்கானிக் பல்சக்கரங்களைக் கழுவித் துடைத்ததும் ஒரு நொடி வேகத்தில் 'ர்ர்ர்' என்று ஓடி மூடுகிறது. வீட்டில் யாரும் எண்ணெய் விட்டுப் பார்க்காதீர்கள். ஷட்டர் இதழ்களில் படிந்தால் இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

முதல் ரோல் திருமலை நாயக்கர் மகாலில். குனிந்து பார்க்கும் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிவதால், தூணை நடுவில் கொண்டுவரக் கை பழக வேண்டும். என்னுடையதில் இருப்பது மூன்று கண்ணாடி வில்லைகள் கொண்ட யாஷிகார் லென்ஸ். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்த எஃப் 3.5-இல் படத்தின் ஓரங்கள் குழைகின்றன. துளையைச் சுருக்கி எஃப் 8-க்கு வந்தால் வளைவுகளின் சுதை வேலைப்பாடு இழை இழையாக விழுகிறது. எனக்கு அந்தக் குழைவும் பிடித்திருக்கிறது.

ஒளியை அளக்கும் மீட்டர் இதில் கிடையாது. 100 வேக (ஐஎஸ்ஓ 100) ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் துளையை எஃப் 16, ஷட்டரை 1/125 நொடி என்று வையுங்கள். மதுரையில் வெயிலுக்கா பஞ்சம்! 120 என்ற அகலமான ஃபிலிம் ரோலில் 12 சதுரப் படங்கள். அப்புறம், ஃபிலிமைச் சுற்றுவது வேறு, அடுத்த படத்துக்கு ஷட்டரை ஏற்றுவது வேறு என்று இரண்டையும் தனித்தனியாகச் செய்யும் கேமரா இது. எடுத்தவுடன் ஃபிலிமைச் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒரே கட்டத்தில் இரண்டு படம் விழும்.