மறு: கொரியச் சொற்கள் – ‘நாடுகளிடை’ வேண்டாம், ‘இருபாதி’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தென் கொரியாவுக்கும் வட கொரியாவுக்கும் இடையிலானதைக் குறிக்கும் ‘இன்டர்-கொரியன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ‘கொரிய நாடுகளிடை’ என்றே நம் குழுவில் முடிவாகிவிடும் போலத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். தெற்கும் வடக்கும் பேச்சுவார்த்தை மேசையில் பல பத்தாண்டுகள் கவனமாகத் தவிர்த்துவந்த சொல் ‘நாடு’. அதையே நாம் கலைச்சொல்லுக்குள் வைக்கப் பார்க்கிறோம்.

1991 டிசம்பர் 13 அன்று இரு கொரியாக்களுக்கும் இடையே கையெழுத்தான அடிப்படை உடன்பாட்டின் முகப்புரையைப் பாருங்கள். தங்களுக்கிடையே உள்ளது நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள உறவன்று, மறுஇணைப்பை நோக்கிப் போகும் வழியில் தற்காலிகமாக உருவான தனிவகை உறவு என்று இரு தரப்பும் அதில் ஒப்புக்கொண்டன. இதற்கு மூன்று மாதம் முன்புதான் இரண்டும் ஐ.நா.வில் தனித்தனி உறுப்பினர்களாகச் சேர்ந்திருந்தன. ஊருக்கு முன்னால் இரண்டு நாடுகள், வீட்டுக்குள் அப்படி இல்லை. இந்த முடிச்சு நம் சொல்லில் அவிழ்ந்துவிடக் கூடாது.

இது வெறும் முகப்புரைப் பேச்சும் அல்ல. 2004 டிசம்பரில், தெற்கின் நிறுவனங்கள் வடக்கில் நடத்திய கேசோங் தொழில் வளாகத்தின் முதல் பொருளாகச் சமையல் பாத்திரங்கள் எல்லை தாண்டிச் சியோல் கடைக்கு வந்தன. தெற்கின் ஆவணங்களில் அது இறக்குமதி ஆகாது; ‘உள்ளே கொண்டுவருதல்’ என்ற பொருளில் வேறு சொல் வைத்திருக்கிறார்கள். இரு பக்கப் பரிமாற்றம் பற்றிய தெற்கின் 1990ஆம் ஆண்டுச் சட்டமே இதை நாடுகளுக்கு இடையிலான வணிகமாகக் கருதாமல், ஓர் இனத்துக்குள் நடக்கும் வணிகமாகக் கொள்கிறது. தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் கைவசம் இருக்கிறது: வரத்து. ஆந்திரத்துத் தக்காளி கோயம்பேட்டுக்கு வந்தால் ‘வரத்து’ கூடியது என்கிறோம், இறக்குமதி கூடியது என்பதில்லை. ஆகவே ‘கேசோங் வரத்து’ என்று தயங்காமல் எழுதலாம்.

‘தென்-வட உறவு’ என்ற யோசனையும் வந்தது. கொரியர்கள் உண்மையில் பேசுவது அப்படித்தான். ஆனால் தெற்கில் தெற்கு முதலில் வரும், வடக்கில் வடக்கு முதலில் வரும். 2000 ஜூனில் தெற்கின் அதிபர் கிம் டே-ஜுங்கும் வடக்கின் தலைவர் கிம் ஜோங்-இல்லும் வெளியிட்ட ஒரே கூட்டறிக்கைக்கு இதனாலேயே இரண்டு தலைப்புகள். நாம் எந்த வரிசையில் எழுதினாலும் ஒரு பக்கம் சாய்ந்தது போலாகும்.

இன்னொரு யோசனையான ‘பிரிவிடை’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. இரண்டு தடவை வேகமாகப் படித்தேன், இரண்டு தடவையும் ‘பிரியாவிடை’ என்றே கண்ணில் பட்டது. விட்டுவிட்டேன்.

‘இருபாதி’ என்பது என் பரிந்துரை. இருபாதி உறவு, இருபாதி வணிகம், இருபாதிப் பேச்சு. பாதி என்றாலே முழுசு ஒன்று இருந்தது என்று வந்துவிடுகிறது. நாடா இல்லையா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. கிழக்கு, மேற்கு என்று பிரிந்திருந்த ஜெர்மனிக்கும் இது பொருந்தும். ஜெர்மன் மண்ணில் இரண்டு அரசுகள் இருந்தாலும் அவை ஒன்றுக்கொன்று அயல்நாடு அல்ல என்று 1969இல் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் அறிவித்தார். 1974இல் இரண்டின் தலைநகரங்களான பானிலும் கிழக்கு பெர்லினிலும் தூதரகத்துக்குப் பதிலாக ‘நிரந்தரப் பிரதிநிதியகம்’ திறந்தார்கள்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 2023 கடைசியில் வடக்கின் தலைவர் கிம் ஜோங்-உன் இனி இது ‘இரு பகை நாடுகளின் உறவு’ என்று சொல்லிவிட்டார். 2024 அக்டோபரில் தெற்கோடு இணைக்கும் சாலைகளை வடக்கு வெடிவைத்துத் தகர்த்தது. தெற்கின் அரசமைப்போ தீபகற்பம் முழுவதையும் தன் நிலப்பரப்பு என்றே இன்னும் சொல்கிறது. அதனால்தான் இரண்டு சொற்களும் தேவைப்படுகின்றன. வடக்கின் புதிய அறிக்கைகளை மொழிபெயர்க்கும்போது ‘நாடுகளிடை’ என்றே போடுவோம். எல்லா இடத்திலும் அதையே போட்டிருந்தால் 2023இல் என்ன மாறியது என்று தமிழில் படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், வரத்துக்கு எதிர்ச்சொல்லாக இப்போதைக்கு ‘அனுப்புகை’ என்று குறித்திருக்கிறேன். மண்டிப் புழக்கத்தில் இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.